எதிர்த்துப் போட்டவர்களின் காது

எங்கள் நகரத்தில் வெற்றி உரை, ஜெயித்தவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் காதில் மட்டும்தான் விழும். மற்றவர்களுக்கு, நகராட்சி பால்கனியில் ஒருவர் மைக்கின் முன்னால் தொட்டி மீன்போல வாயைத் திறந்து மூடுவது தெரியும், அவ்வளவுதான். மைக்செட்காரர் ஒயரையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, கோளாறு காதில்தான் என்று கைகழுவிவிட்டார். இதனால் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை, குடும்பங்களைத் தவிர. பல வருஷம் நகராட்சித் தலைவராக இருந்த சிமெண்ட் வியாபாரி, ஜெயித்த ஒவ்வொரு முறையும் "நான்" என்று தொடங்கி "வரலாறு" என்று முடிப்பார். நடுவில் ஒரு ஜோக். ஒரு தடவை அதற்குச் சிரித்துத் தொலைத்த தன் மனைவியிடம் தபால்காரர், "அப்ப நீ அந்தாளுக்கா குத்துன?" என்று கேட்டார். ஒரு மாதம் தானே சமைத்துச் சாப்பிட்டு இளைத்தும் போனார்.

அந்த சிமெண்ட் வியாபாரியைத் தோற்கடித்தது பஸ் கண்டக்டரம்மா. அவளுடைய அண்ணன், லேத் பட்டறைக்காரன், சிமெண்ட் வியாபாரியின் கட்சிக்கே நேர்ந்துவிட்ட ஆள். தாய் தகப்பன் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவனும் அவனே.

"பாசம் வேற, கட்சி வேற. உனக்குக் குத்தமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னான்.

"குத்தாட்டி போ. சாப்பிட மட்டும் வந்துரு" என்றாள். வந்து சாப்பிட்டான், குத்தவில்லை.

வெற்றி நாளில் அவள் கட்சி எழுதிக்கொடுத்த உரையைப் படித்தாள். பொன்னெழுத்து, புயல், புரட்சி, எதற்கும் குறைவில்லை. பாதிக் கூட்டம் கைதட்டியது. முதல் வரிசையில் அண்ணன், கிரீஸ் போகாத கையைக் காதோரம் குவித்து, தங்கையின் உதட்டையே பார்த்து நின்றான். ஒரே ஒரு வார்த்தை கிடைக்காதா என்று கண் கலங்கியிருந்தது. கொள்கையை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. ஓட்டு எண்ணி முடிந்தாயிற்று.

அவள் பார்த்துவிட்டாள். தாளை மடித்தாள். கடைசி சீட்டுவரை போகும் அந்தப் பஸ் குரலில், "என்னண்ணே, கேக்கலையா?" என்றாள்.

"கேக்குதும்மா! இப்பக் கேக்குது!" என்று அண்ணன் துள்ளினான்.

அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் இன்னும் பேந்தப் பேந்த விழித்தார்கள். அவர்களைப் பார்த்தும் பேசினாள். "எனக்குக் குத்தாதவங்க எல்லாம் முன்னால வாங்க. வழியில நிக்காதீங்க, உள்ள நகருங்க, இடம் இருக்கு. யாருக்குக் குத்தியிருந்தாலும் வண்டி ஒண்ணுதான். நடுவழியில யாரையும் இறக்கிவிட மாட்டேன்."

சொல்லச் சொல்ல வரிசை வரிசையாகக் காது திறந்தது. தோற்ற சிமெண்ட் வியாபாரிக்கே கேட்டது. அவரும் மரியாதையாக உள்ளே நகர்ந்து நின்றார். வரலாறு என்ற சொல்லே வரவில்லையே என்று அவளுடைய கட்சிக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் மனக்குறை. மறுநாள் காலையிலேயே எதிர்த்துப் போட்டவர்கள், "யாரையும் இறக்கிவிட மாட்டேன்னு நேத்து சொன்னீங்கள்ல, எங்க தெருக் குழாய் என்னாச்சு?" என்று அவள் வாசலில் வந்து நின்றார்கள். அண்ணன்தான் முதல் ஆள்.

அடுத்த தேர்தலிலும் அவள்தான் ஜெயித்தாள். அண்ணன் வழக்கம்போல எதிர்த்துக் குத்திவிட்டு, நேராகப் பால்கனிக்குக் கீழே வந்து நின்றான். அவள் வாயைத் திறந்ததும், பக்கத்தில் நிற்பது யார் என்றுகூடப் பார்க்காமல் முழங்கையால் இடித்து, "பேசுறது என் தங்கச்சி" என்றான்.