ஏழாம் காட்சி

தமிழில் சொன்னால் நேரம் இழுக்கும். ஆங்கிலத்தில் மூன்று நிமிடத்தில் முடிகிற பயிற்சி வீடியோ தமிழுக்கு வரும்போது நாலு நிமிடத்தைத் தாண்டிவிடும். இந்துஜாவுக்கு இது புதிதல்ல. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் அவள் ஒன்பது வருடமாகத் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்பு வீடியோ செய்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் கேமராவோடு ஆலை ஆலையாகப் போய் வருவாள். இரண்டு வருடமாக அந்த அலைச்சல் இல்லை. ஆலைக்காரர்களே கைப்பேசியில் எடுத்த படங்களையும் கையேட்டையும் அனுப்பிவிடுகிறார்கள். கணினியில் இருக்கும் ஏஐ உதவியாளரிடம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் சொல்வதுபோல எழுதினால் போதும்: இன்ன மொழி, இத்தனை நிமிடம், இப்படி ஒரு குரல். வசனம் எழுதுவது, குரல் கொடுப்பது, படத்தை வெட்டி ஒட்டுவது எல்லாம் கிளவுடில் தானாக நடக்கும். கடைசியில் ஒரு லிங்க் வரும். அதை ஆலைக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

மார்ச் மாதம் கிள்ளானுக்கு அப்பால் காப்பாரில் இருக்கும் ஒரு தீவன ஆலையின் வேலை வந்தது. கோழித் தீவனத்தை மூட்டை கட்டி கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி அனுப்பும் இடம். பெல்ட்டில் மூட்டை சிக்கிக்கொண்டால் எப்படி எடுக்கவேண்டும் என்று நான்கு மொழிகளில் வீடியோ கேட்டிருந்தார்கள். எல்லாமே மூன்று நிமிடத்துக்குள் இருக்கவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. மற்ற மூன்று மொழிகளும் அடங்கிவிட்டன. தமிழ் மட்டும் நாலு நிமிடம் பத்து வினாடிக்குப் போய் நின்றது. இந்துஜா எழுதினாள்: தமிழையும் மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவா.

அன்றைக்கு அவள் கையில் பதினோரு வீடியோ இருந்தது. உதவியாளர் ஏதோ கேட்டது. அவள் பார்வை கடைசி வரியிலிருந்த "சரியா?" என்ற சொல்லில் மட்டும் விழுந்தது. "ஓகே" என்று தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

ஜூலை மாதம் அந்த ஆலையில் லோகன் என்கிற தொழிலாளியின் வலது கை பெல்ட்டுக்குள் மாட்டியது. இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் காலை ஆலையின் பாதுகாப்பு அதிகாரி சுகுமாறனிடமிருந்து கடிதம் வந்தது. நான்கு மொழி வீடியோவிலும் ஒரே விஷயம்தான் சொல்லப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும், லோகன் பயிற்சி வீடியோவைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், சொன்னபடி செய்யாதது அவர் தவறு என்று விசாரணை நடக்கப்போகிறது என்று அதில் இருந்தது.

இந்துஜா பழைய உரையாடலைத் திறந்து தேடினாள். மார்ச் பதினான்காம் தேதி உதவியாளர் எழுதியிருந்தது: "மூன்று நிமிடத்துக்குள் வரவேண்டுமானால் ஏழாம் காட்சியை நீக்கவேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது அந்தக் காட்சி. இது பாதுகாப்புக்கான படி என்பதால் நீக்கவேண்டாம் என்பது என் கருத்து. பேச்சின் வேகத்தைக் கூட்டியும் பார்க்கலாம். நீக்குவது சரியா?"

அதற்குக் கீழே அவளுடைய "ஓகே".

அவள் அந்தத் தமிழ் வீடியோவை முதல்முறையாக முழுதும் ஓடவிட்டுப் பார்த்தாள். சிவப்புப் பட்டனை அழுத்துங்கள், பெல்ட் நின்றதும் மூட்டையை எடுங்கள் என்று இனிமையான பெண்குரல் சொன்னது. அவ்வளவுதான். சிவப்புப் பட்டனால் நின்ற பெல்ட்டை மறுமுனையில் இருப்பவர் தெரியாமல் ஓடவிட முடியும் என்பதோ, அதற்குத்தான் பூட்டு என்பதோ அதில் இல்லை. லோகனுக்கு நடந்ததும் அதுதான். பெல்ட் நின்றுவிட்டதென்று கையை விட்டிருக்கிறார். மறுமுனையில் இருந்தவர் ஓடவிட்டார்.

எழுந்து போய் முதலாளி சிவேந்திரனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இத வேற யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல பாஸ்."

"அவங்ககிட்ட ஃபைல் இருக்கா, லிங்க் மட்டுமா?"

"லிங்க்தான். டேப்லெட்ல லிங்க்கத் தொறந்துதான் காட்டுவாங்க."

"அப்ப அந்த சீனைப் போட்டுத் திருத்திரு. லிங்க் அதேதான லா." அவர் குரல் தாழ்ந்தது. "இந்து, இது வெளிய போச்சுன்னா நம்ம கடைய மூட வேண்டியதுதான். ஒனக்கும் பேரு கெட்டுப்போவும். அவனுக்குப் போன விரல் திரும்பி வரப்போறதில்ல."

அவள் மேசைக்குத் திரும்பி, ஏழாம் காட்சியைச் சேர்த்து, பேச்சின் வேகத்தைக் கூட்டி மூன்று நிமிடத்துக்குள் அடக்கும்படி எழுதினாள். உதவியாளர் கேட்டது: "இதே லிங்க்கில் பழையதற்குப் பதிலாகப் புதியதைப் போடவா? போட்டால் திறப்பவர்களுக்குப் புதியது மட்டுமே தெரியும். பழைய பதிப்பு தொண்ணூறு நாள் காப்பில் இருக்கும்."

இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் படித்தாள். படித்துவிட்டு, "போடு" என்று எழுதினாள். நாலே நிமிடத்தில் முடிந்தது. நான்கு வீடியோவும் ஒன்றுதான் என்று உறுதிக் கடிதமும் தயாரானது. சிவேந்திரன் கையெழுத்திட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மார்ச் மாதத்து ஓகேயைக் கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம். இதை என்னவென்று சொல்வது? கோமுட்டர் ரயிலில் எதிரே உட்காருபவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். யாரோ ஒருவர் என்று நினைத்துக்கொள்ள முயன்றாள். லோகன் என்ற பெயர் தெரிந்துவிட்டதால் அது முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து சுகுமாறன் போன் செய்தார்.

"மிஸ் இந்துஜா, இன்னொரு வேல இருக்கு. நடந்த ஆக்சிடென்ட்ட வச்சு ஒரு பாடம் மாதிரி வீடியோ செய்யணும். லோகனே பேசறேன்னு ஒத்துக்கிட்டாரு. வீடியோவுல சொன்னத மறந்துட்டேன், நீங்களும் இப்படிச் செய்யாதீங்கன்னு ஒரு நிமிஷம் பேசினா போதும். மத்தத ஒங்க ஏஐ பாத்துக்கும். அடுத்த வியாழக்கெழம விசாரண. அவரு இப்படிப் பேசிட்டா வேலைய விட்டுத் தூக்க மாட்டாங்கன்னு மேனேஜர் சொல்றாரு."

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் முற்பகல் கிள்ளானில் இறங்கி வாடகைக் கார் பிடித்து லோகனின் பேச்சைப் பதிவுசெய்ய அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள்.

லோகனுக்கு நாற்பது வயதிருக்கும். திடமான உடம்பு. வலது கையைச் சுற்றிக் கட்டு. அவர் மனைவி மலர்விழி குடிக்க மைலோ கலந்துகொண்டு வந்து வைத்தாள். பேசுவதற்காக லோகன் சட்டையெல்லாம் மாற்றித் தயாராக இருந்தார்.

"எங்க பாத்துப் பேசணும் மிஸ்? இங்கயா?"

"இருங்கண்ணே. மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"என்னா சொல்றது. தப்பு என்னுதுதான். மெயின் சுவிட்சப் பூட்டுன்னு வீடியோல தெளிவாச் சொல்றாங்க. ஆபீஸ்ல கூப்ட்டு மறுபடியும் போட்டுக் காட்டினாங்க. பாத்தேன். இருக்கு." அவர் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா மிஸ், சத்தியமாச் சொல்றேன், நான் அதப் பாத்த ஞாபகமே இல்ல. அன்னிக்கு முழுசா ஒக்காந்து பாத்தேன். தூங்கல. அந்தப் பூட்டு மட்டும் எப்படி மறந்துபோச்சுன்னு தெரியல."

மலர்விழி சுவரோரமாக நின்றபடி சொன்னாள்: "தலையில ஏதும் கோளாறோன்னு டாக்டர்ட்ட போயி ஸ்கேன் எடுக்கணுங்கறாரு. அடுப்ப அணைச்சமான்னு மூணு தடவ எந்திரிச்சுப் பாக்கறாரு. மகள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவ பயப்படறாரு, வழியில எதையாச்சும் மறந்துடுவேன்னு. விரல் போனதவிட இதுதான் மேடம் எனக்கு பயமா இருக்கு."

இந்துஜாவின் மடியில் கைப்பேசி இருந்தது. ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்காக எடுத்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணே, நீங்க எதையும் மறக்கல."

லோகன் நிமிர்ந்தார்.

"நீங்க மார்ச்சில பாத்த வீடியோல அந்தப் பூட்டு இல்ல. நான்தான் எடுத்துட்டேன். நீளமா இருக்குன்னு கொறைக்கச் சொன்னேன். வீடியோ செய்யற ஏஐ அத எடுக்க வேணாம்னு எச்சரிச்சுது. நான் படிக்காமயே ஓகே சொல்லிட்டேன். ஒங்களுக்கு அடிபட்டதுக்கு அப்புறந்தான் மறுபடியும் சேத்தேன். ஆபீஸ்ல ஒங்களுக்குக் காட்டினது அந்தப் புதுசு."

லோகன் திரும்பி மலர்விழியைப் பார்த்தார்.

"அப்ப அது இல்லயா?" லோகன் மெதுவாகக் கேட்டார்.

"இல்லண்ணே."

"பழசு இருக்கா? எனக்குப் பாக்கணும்."

அவள் கைப்பேசியிலேயே உதவியாளரிடம் மார்ச் பதினான்காம் தேதிப் பதிப்பைக் கேட்டாள். அது எடுத்துக் கொடுத்தது. லோகன் கைப்பேசியை இடது கையில் பிடித்து முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். இரண்டாவது நிமிடத்தில் அவர் உடம்பு முன்னால் சாய்ந்தது.

"இங்கதான். இந்தப் பட்டன் வந்தவுடனே மூட்டையத் தூக்கற படம் வரும் பாரு மலர். வந்துச்சா? நான் சொன்னேன்ல." அவர் மனைவியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

மலர்விழி அழவில்லை. இந்துஜாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு மாசமா எம்புருசன் தனக்குப் பைத்தியம் புடிச்சிட்டுதோன்னு ஒக்காந்திருக்காரு. நீங்க தெரிஞ்சிக்கிட்டே சும்மா இருந்தீங்க. இன்னிக்குக்கூட அவர மன்னிப்புக் கேக்க வைக்கத்தான வந்தீங்க?"

"ஆமாக்கா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யாகியிருக்கும்.

"அந்தப் பழசையும், அந்த ஏஐ எச்சரிச்சது, நீங்க ஓகே சொன்னது எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க. அனுப்பிட்டுக் கெளம்புங்க."

இந்துஜா அங்கேயே நின்று எல்லாவற்றையும் மலர்விழியின் எண்ணுக்கு அனுப்பினாள். வந்து சேர்ந்துவிட்டதை மலர்விழி திறந்து பார்த்தபிறகுதான் கதவைத் தாண்டினாள். மைலோ தொடப்படாமலே இருந்தது.

கீழே வந்ததும் சுகுமாறனுக்குப் போன் போட்டு முழுவதையும் சொன்னாள்.

"எழுத்துல தருவீங்களா?" என்று கடைசியில் கேட்டார்.

"தரேன் சார்."

"நான் இங்கிலீஷ் மட்டுந்தான் பாத்தேன் மிஸ். நாலும் ஒண்ணுதான்னு மார்ச்சில கையெழுத்துப் போட்டவன் நான். வீட்ல தமிழ்தான் பேசறேன். அப்ப அந்தத் தமிழ் வீடியோவ ஒரு தடவகூட ஓடவிட்டுப் பாக்கல." பிறகு சொன்னார்: "வியாழக்கெழம நீங்களும் வந்து சொல்லுங்க."

சிவேந்திரனிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை.

"போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லிருப்பீங்க பாஸ்."

"ஆமா. சொல்லிருப்பேன்." அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாசக் கடைசியோட நின்னுரு இந்து."

வியாழக்கிழமை விசாரணையில் அவள் பேசினாள். பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். லோகன் மேசையின் மறுபக்கம் மலர்விழியோடு உட்கார்ந்திருந்தார்; ஒருமுறைகூட இந்துஜாவைப் பார்க்கவில்லை. அவர்மேல் இருந்த குற்றச்சாட்டை ஆலை திரும்பப் பெற்றது. சிவேந்திரனின் நிறுவனத்துக்குக் கொடுத்த வேலைகள் அத்தனையையும் நிறுத்தியது. வெளியே வரும்போது அவளுக்கு மனம் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தாள். ஆகவில்லை.

மாதக் கடைசிவரை மூன்று வாரம் இருந்தது. புது வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை. அவள் இரண்டு வருடத்து உரையாடல்களைத் திறந்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தமிழில் மட்டும் அறுபத்துநான்கு வீடியோ. சிவேந்திரன் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாதியைப் படித்தார். இதுபோல இன்னும் இரண்டு இடம் அகப்பட்டன. ஒன்று சின்ன விஷயம். மற்றது பந்திங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குச் செய்தது. நீராவி வால்வைத் திறக்கும் முன் விலகி நிற்கச் சொல்லும் வரி தமிழில் இல்லை.

அந்த ஆலையின் மேற்பார்வையாளர் குருவுக்குப் போன் செய்தாள்.

"இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆவல மிஸ். புதுசு அனுப்பிடுங்க, போதும்லா" என்றார் அவர்.

அவள் புதியதை அனுப்பினாள். அதோடு விடாமல் மறுநாள் பஸ் ஏறி நேரிலும் போனாள். வேலை மாறும் நேரத்தில் பதினைந்து பேரை உட்காரவைத்து வீடியோவைக் காட்டினாள். பிறகு அவர்களோடு வால்வு வரைக்கும் நடந்து போய், எங்கே நிற்கவேண்டும் என்று கேட்டாள். ஒருவர் தவறான இடத்தில் போய் நின்றார். மற்றவர்கள் அவரை இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் லோகனிடமிருந்து குரல் பதிவு வந்தது. வலது கையால் இன்னும் எழுத முடியவில்லை போலும்.

"மிஸ், லோகன் பேசறேன். ஆலையிலயே லோரி எடை போடற எடத்துல வேல குடுத்திருக்காங்க. அடுத்த மாசம் சேரணும். நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்காக இத அனுப்பல. அது என்னால இப்ப முடியல. வேல கெடச்சத மட்டும் சொல்லணும்னு தோணுச்சு."

இந்துஜா மூன்று முறை பதில் எழுதி மூன்றையும் அழித்தாள். மன்னிப்புக் கேட்டு எழுதிய எதுவுமே அவரிடம் மறுபடி எதையோ கேட்பதுபோல இருந்தது. கடைசியில் "சரிண்ணே. சொன்னதுக்கு நன்றி" என்று மட்டும் அனுப்பினாள். கிள்ளான் போகும் சாலையில் பஸ் ஒவ்வொரு நிறுத்தமாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.