கொப்பியில் ஏறிய சீனி

கொலின்ஸ் நீட்டிய கோப்பையை நிரோசினி புறங்கையால் தள்ளிவிட்டாள். பிளேன்ரீ மணலில் கொட்டி, ஒரு கணம் நுரைத்து, உள்ளே போய் மறைந்தது.

"அப்பாக்குத் தேத்தண்ணி குடுக்காதேங்கோ மாமா. சீனி கூடித்தான் இந்த மயக்கம்."

"பிள்ளை, ஆள் விழப்போறார். ஏதாவது செய்."

"நேற்றுக் காலமை இருநூற்றி எழுபத்தாறு. அதுக்கு மேல தேத்தண்ணியோ?"

அளம்பில் ஊர்க் கடற்கரையில் இழுத்துவிட்டிருந்த படகோடு சாய்ந்தபடி பேதுரு கிடந்தார். கால்மணி நேரத்துக்கு முன்னர்தான் தொழில் கூட்டாளி கொலின்சோடு இருந்து வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர். ஒரே மீனை மூன்று தரம் கழற்றப் பார்த்து, மூன்று தரமும் விரல் வழுக்கி, கொலின்ஸ் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ முனகிவிட்டு அப்படியே இருந்துவிட்டார். சேட்டு நனைந்திருந்தது கடல் தண்ணியால் அல்ல, வியர்வையால். கொலின்ஸ் போட்ட சத்தம் வீட்டுக்குக் கேட்டது. முள்ளியவளையில் படிப்பிக்கும் நிரோசினி பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபடியால் முந்தின நாள் பின்னேரம்தான் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். சீனி பார்க்கும் மெஷினை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்தாள்.

சுட்டுவிரலில் குத்தினாள். இரத்தம் வரவில்லை. நடுவிரலில் குத்தினாள். வெள்ளைப் புள்ளி ஒன்று மட்டும் விழுந்தது. முப்பத்தைந்து வருசமாக வலைக்கயிறும் உப்பும் தின்ற விரல்; தோல் மாட்டுக் குளம்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. ஊசிப் பேனையை ஆக ஆழமான இலக்கத்துக்குத் திருப்பி, சின்னவிரலின் ஓரமாக வைத்து அழுத்தினாள். ஒரு துளி வந்தது. மெஷினில் செருகியிருந்த ஸ்ரிப் தாள் அதை உறிஞ்சியது. ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

முப்பத்தெட்டு.

ஒரு இலக்கம் விழாமல் போய்விட்டதாக்கும் என்று நினைத்து, மெஷினைச் சரித்துப் பார்த்தாள். முப்பத்தெட்டுத்தான். எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று மெஷினோடு வந்த தாளில் இருந்தது.

"மாமா, பிளாஸ்கில தேத்தண்ணி மிச்சம் இருக்கோ? இருக்கிற சீனி முழுக்கப் போடுங்கோ."

"இப்பதானே தட்டி ஊத்தினனி?"

"போடுங்கோ மாமா."

கரையோர வாடிக் குடிசைக்குள் இருந்த சீனி ரின்னைக் கொலின்ஸ் அப்படியே கவிழ்த்தார். பேதுருவுக்கு விழுங்கத் தெரிந்தது. மிடறு மிடறாகப் பருக்கினார்கள். பத்து நிமிசத்தில் கண் நிலைக்கு வந்தது. வாயைத் துடைத்தார். நாக்கால் உதட்டைத் தடவினார்.

"ஆர் எனக்குச் சீனி தந்தது? பிறகு என்னில பழி போடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

அந்தப் பழி ஆறு மாதப் பழி. கிளினிக்கில் அவருக்குச் சலரோகம் என்று சொன்ன அன்றே நிரோசினி வீட்டைத் தன் கைக்குள் எடுத்திருந்தாள். குசினியில் இருந்த சீனிப் போத்தலும் பனங்கட்டியும் கொலின்ஸ் வீட்டுக்குப் போயின. காலையில் குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும்; மத்தியானம் அளந்த சிவப்பரிசிச் சோறு, மீன், வல்லாரைச் சம்பல். தாய் யூலிற்றா தனக்கென்று வேறு சமைக்கவில்லை. புருசனுக்குப் போட்ட அதே அளவைத் தானும் போட்டுக்கொண்டாள். மூன்று மாதத்தில் சட்டை தோளில் தொங்க, "அம்மா மெலிஞ்சு வடிவா வந்திட்டா, நீங்கள்தான் ஏமாத்துறியள்" என்று தகப்பனுக்குக் குத்திக்காட்ட அதுவும் நிரோசினிக்கு வசதியாகப் போயிற்று. ஏனென்றால் இலக்கம் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு அவள் ரெலிபோன் எடுப்பாள். புருசனுக்குச் சீனி பார்த்துக் கொப்பியில் எழுதுவது யூலிற்றாவின் பொறுப்பு; அதைப் பார்த்து வெறுவயிற்று இலக்கத்தை வாசிப்பாள். நூற்றி அறுபத்தெட்டு. நூற்றித் தொண்ணூற்றி நாலு. இருநூற்றி முப்பத்தொண்டு.

"வாடியில ஒளிச்சுக் குடிக்கிறியள் அப்பா."

"மாதா அறிய இல்லை."

"அப்ப சீனி வானத்திலிருந்தே வருது?"

கொலின்சை உளவு பார்க்க விட்டாள். ஒன்றும் இல்லை என்றார். அவரும் கூட்டு என்று முடிவு கட்டினாள். இரண்டு கிழமைக்கு முன்னர் அந்தக் கொப்பியைக் கிளினிக்கில் காட்டினாள். டொக்டர் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் குளிசையை இரட்டிப்பாக்கினார்.

கரையிலிருந்து கொண்டுபோன ஆஸ்பத்திரியில், சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையை விறைப்பாக வைத்தபடி பேதுரு கட்டிலில் கிடந்தார். வார்ட்டுக்கு வந்த பெண் டொக்டர் கொப்பியை ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தார்.

"இந்தக் குளிசை ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். திரும்ப இறங்கலாம், இண்டைக்கு இஞ்ச நிக்கட்டும். ஆனா எனக்கு இது விளங்கேல்லை. இவ்வளவு ஏறின ஆளுக்கு இந்தக் குளிசை இப்பிடி இறக்காது. உங்கட மெஷின் சரியோ எண்டு பாருங்கோ. காரணம் தெரியும் வரைக்கும் ஐயா கடலுக்குப் போகக்கூடாது."

"கடலுக்குப் போகாமல்?" என்றார் பேதுரு.

"கரையில விழுந்தபடியா உயிரோட இருக்கிறியள். படகில எண்டா?"

வேறு தொழில் பேதுருவுக்குத் தெரியாது.

நிரோசினி தன் விரலில் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றி நாலு. வார்ட்டு மெஷினில் பார்க்க, தொண்ணூற்றி ஆறு. மெஷின் சரி. ஸ்ரிப் பெட்டியில் திகதி அடுத்த வருசம் வரைக்கும் கிடந்தது. அதுவும் சரி. அப்படியென்றால் மிஞ்சுவது விரல்தான். கட்டில் ஓரமாக இருந்து தகப்பனின் கையை எடுத்தாள்.

"அம்மா எந்த விரல்ல குத்திறவா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் நித்திரையெல்லோ."

"என்னது?"

"முதல் கிழமை ரெண்டு மூண்டு தரம் குத்திப் பாத்தா. இரத்தம் வரேல்லை. பிறகு, நீங்கள் எழும்ப முதல் நான் குத்தி எடுக்கிறன், உங்களுக்குத் தெரியவே தெரியாது எண்டா." பேதுருவின் குரலில் சின்னப் பெருமை. "கொலின்சுக்குக் கூடச் சொன்னனான். எங்கட ஆள் குத்தினா நோகாது எண்டு."

நிரோசினி பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கரையில் தான் போட்ட மூன்று குத்துகள் மட்டும் இருந்தன. கட்டிலின் மறுபக்கத்தில், யன்னலோடு நின்று யூலிற்றா போத்தலை அண்ணாந்து தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அது மூன்றாவது போத்தல்.

"அம்மா, இஞ்ச வாங்கோ. கையைத் தாங்கோ."

"ஏன்?"

"தாங்கோ."

யூலிற்றா போத்தலை மூடி வைத்தாள். வந்தாள். கையைக் கொடுக்கவில்லை.

"ஊசி மூண்டு வீணாப் போச்சு பிள்ளை. இவர் விடிய மூண்டு மணிக்கே ஓடிப்போவார். நீ ஆறு மணிக்கு அடிச்சு இலக்கம் எங்கை எண்டு கேப்பாய். நான் என்னத்தைச் சொல்ல? ஒரே சட்டி, ஒரே பிட்டு, ஒரே கறி. அவருக்கு என்னவோ அதுதானே எனக்கும் எண்டு நினைச்சன்."

"ஏறிக்கொண்டு வரேக்கயாவது சொல்லியிருக்கலாமே?"

"பிட்டிலதான் பிழையாக்கும் எண்டு ரெண்டு பேருக்கும் பிட்டைக் குறைச்சன். நீ அவரை ஏசேக்க வாய் வரைக்கும் வந்தது. வெளியில வரேல்லை."

பேதுரு தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "பிட்டைக் குறைச்சனியோ? நான் குரக்கன் விலை ஏறிப்போச்சாக்கும் எண்டெல்லோ இருந்தனான்."

நிரோசினி புது ஸ்ரிப்பை மெஷினில் செருகினாள். யூலிற்றா சேலைத் தலைப்பில் இரண்டு கைகளையும் துடைத்து, இப்போதுதான் நீட்டினாள். பெருவிரல்கள் தவிர எட்டு விரல்நுனிகளிலும் கறுப்புப் புள்ளிகள், மாவரிக்கும் அரிதட்டின் கண்கள் மாதிரி, நெருக்கமாக. குத்தாத இடம் தேடி மகள் தடுமாற, தாய் இடது மோதிரவிரலின் ஓரத்தைத் தானே திருப்பிக் காட்டினாள். தொட்டவுடனேயே இரத்தம் வந்தது.

ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

முந்நூற்றிப் பன்னிரண்டு.

யூலிற்றா எட்டிப் பார்த்தாள். பழக்கத்தில், கட்டிலில் கிடந்த கொப்பியை எடுத்து, பேனையைத் திறந்து, திகதியை எழுதினாள். பிறகு கொப்பியை மூடி, மட்டையில் எழுதியிருந்த புருசனின் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.