பதினொரு ஒன்றுகள்

“அதிலை கூட்டாதை பிள்ளை!”

அமராவதி ஓடிவந்து விளக்குமாற்றைப் பிடித்தாள். அடுத்த வீட்டுப் பிரஷாந்தினி திகைத்துப்போய் நின்றாள். செத்தவீட்டு முற்றத்தைக் கூட்டித் தரச்சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே நீள மரவாங்கில் அமராவதியின் கணவர் கதிர்காமநாதன் வெள்ளைச் சட்டையோடு கிடந்தார். விடிந்ததும் விடியாததுமாக இந்த முற்றத்து மணலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அமராவதி தண்ணீர் கொண்டுவருவதற்கு முதல் போய்விட்டார்.

கணக்கு மட்டும் மணலில் கிடந்தது.

“என்னக்கா, பந்தல்கால் நடவேணும். ஆக்கள் வரப்போகினம்” என்றான் அவளுடைய தம்பி சிவராசா, கையில் குழி தோண்டும் அலவாங்கோடு.

“கொஞ்சம் பொறு. அவரின்ரை கணக்கு முடியேல்லை.”

சிவராசா அக்காவை ஒரு மாதிரிப் பார்த்தான். அத்தானுக்கு இருந்த கிறுக்கு இவளுக்கும் தொற்றிவிட்டதோ என்று அவன் நினைத்திருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து தர்மபுரத்துக்கு வந்த புதிதில், பொழுது போகாமல் தொடங்கிய வேலை அது. ஒன்றைப் பதினொரு தரம் அடுத்தடுத்து எழுதினால் ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடிக்கும் மேலே ஓர் எண் வரும்.

“இதை வேறை எந்த எண்ணாலையும் மிச்சமில்லாமல் வகுக்கேலாது” என்றார் அவர்.

“ஏன் ஏலாது? ஏதோ ஒண்டு வகுக்கும்” என்றாள் அமராவதி, அரிசி புடைத்தபடி.

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். மனிதர் விட்டாரா? முதன்மை எண்களை, அதாவது பகா எண்களை, வரிசையாக எடுத்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தொடங்கினார். ஒரு லட்சத்து ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் பார்த்தால்தான் முடிவு சொல்லலாமாம். எழுதக் கொப்பியும் பேனையும் கண்ணில் காணக் கிடைக்காத காலம். வகுப்பது மணலில். வகுத்து முடிந்த எண்ணை மட்டும் சவர்க்காரப் பெட்டி மட்டையில் கரியால் குறித்துவைப்பார். நாளுக்கு இரண்டு, மூன்று என்று இரண்டரை வருஷம் ஓடிவிட்டது.

ஒவ்வொரு பின்னேரமும் அவள் சமைக்கும் குசினி வாசலில் வந்து நிற்பார்.

“இண்டைக்கும் வகுபடேல்லை. நீர் தோத்துக்கொண்டு வாறீர்.”

அவள் முகத்தைக் கோணிக்காட்டுவாள். அந்த ஒரு வசனத்துக்காக அவள் பகல் முழுக்கக் காத்திருந்தாள். அதை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இன்றைக்குப் பின்னேரம் அவர் என்ன சொல்லிக்கொண்டு வந்திருப்பார்? அது தெரியாமல் இந்த மணலைக் கூட்டவிட அவளால் முடியவில்லை.

குந்தி இருந்து பார்த்தாள். வகுக்கும் எண் 21649. விடையில் 51323 வரை எழுதியிருந்தார். கீழே கடைசி ஒன்றையும் இறக்கி 194841 என்று போட்டிருந்தார். இன்னும் ஒரே ஓர் இலக்கம்தான்.

விரலால் பக்கத்தில் பெருக்கிப் பார்த்தாள். எட்டுத் தரம் போட்டால் குறைவாக வந்தது. ஒன்பது தரம் பெருக்கினாள். 194841. பிழைவிட்டேனாக்கும் என்று இன்னொரு தரம் பெருக்கினாள். அதே எண். மிச்சம் பூச்சியம்.

“என்னக்கா, வகுபட்டுதோ?”

“இல்லை” என்றாள். “உன்ரை அத்தான் சொன்னதுதான் சரி.”

செத்த அன்றைக்கு அவர் தோற்றுப்போனார் என்று ஊர் கதைக்க அவள் விடமாட்டாள். உள்ளங்கையால் மணலை நிரவிவிட்டு எழுந்தாள். சிவராசா அந்த இடத்திலேயே அலவாங்கைக் குத்தினான்.

உள்ளே பெண்கள் அழுகையை நிறுத்தி வழிவிட்டார்கள். இனித்தான் இவள் தலையிலடித்துக் குழறப்போகிறாள் என்று எதிர்பார்த்தார்கள். அமராவதி குனிந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாகச் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, அது வகுபட்டிட்டுது. நான் வெண்டிட்டன். எழும்பி வந்து பிழையெண்டு சொல்லுங்கோவன்.”

பிறகு நிமிர்ந்தாள். வெள்ளைச் சட்டையின் தோளில் ஐந்து விரல்களும் மணலாகப் பதிந்திருந்தன. அவள் அதைத் தட்டிவிடவில்லை.