மூன்றாவது எச்சரிக்கை

தேர்வு நடந்தபோது இருந்தவர்கள்:

வேல்விழி, இருபத்துமூன்று வயது, உள்ளறையில், மடிக்கணினி முன்னால்.
அம்மா முப்பிடாதியம்மாள், வாசலில், வாடகைத் துண்டுகளோடும் ஷாம்பு பாக்கெட்டுகளோடும்.
அண்ணன் பாண்டித்துரை, பக்கத்துக் காலி மனையில், வேன்களை நிறுத்தக் கத்திக்கொண்டு.
கண்காணிப்பாளர் வித்யாலட்சுமி, சென்னையில் எங்கோ. திரையில் பெயரும் காதில் குரலும் மட்டும்.

‘அறையில் இருப்போர்’ என்ற கட்டத்தில் வேல்விழி ‘நான் மட்டும்’ என்று நிரப்பினாள்.

ஐந்தருவி சாலையில் அது சீசன் சனிக்கிழமை. அருவியில் குளித்துவிட்டு வரும் பெண்கள் உடை மாற்றுகிற அறைதான் அந்த உள்ளறை. அன்று பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை யாரையும் விடக்கூடாது என்று அம்மாவிடம் ஒரு வாரமாகச் சொல்லி, ‘உடை மாற்றும் அறை’ என்ற வாசல் பலகையையும் கழற்ற வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண் போடும் படிப்பு. தேறினால் அடுத்த வாரமே திருநெல்வேலியில் வேலை. தேறாவிட்டால் இந்தத் துண்டுகளைத் துவைக்க வேண்டியதுதான்.

முதல் இரண்டு மாதம் குத்துக்கல்வலசையில் நேரடி வகுப்பு. நாற்பது பேர். பின்வரிசையில் ஒருத்தி ஓயாமல் படக்கதை சொல்லுவாள். கீழே லேத் பட்டறை அலறும். ஆனால் அத்தனை சத்தத்தில் ஒன்றுகூட வேல்விழியை வேலைக்குக் கூப்பிட்டதில்லை. பிறகு ஆன்லைன் ஆனது. வீட்டில் எந்தச் சத்தம் எழுந்தாலும் அதில் அவள் பெயர் இருந்தது.

பத்தாவது கேள்வியில் ஜன்னலுக்கு வெளியிலிருந்து அண்ணன் கத்தினான்.

“ஏட்டி வேலு! வண்டிச் சாவிய எங்கன வச்ச?”

தலை தானாகத் திரும்பிவிட்டது.

“முதல் எச்சரிக்கை,” என்றது வித்யாலட்சுமியின் குரல். “திரையை விட்டுப் பார்வை போகக் கூடாது. மூணாவதுல தேர்வு முடிஞ்சிடும்.”

இருபத்தாறாவது கேள்வியில் பின்கதவு குலுங்கியது. அந்தத் தாழ்ப்பாள் இரண்டு உலுக்கலில் கழன்றுவிடும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா குனிந்தபடி வந்து மூலையிலிருந்த துண்டுக் கட்டைத் தூக்கினாள்.

“நீ எழுதுளா. நான் பேசவே இல்ல,” என்றாள்.

“ரெண்டாவது எச்சரிக்கை. அறையில் வேற ஆள் இருக்காங்க.”

அம்மா போய்விட்டாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை உள்ளேயிருந்துதான் போட வேண்டும். எழுந்தால் மூன்றாவது. வேல்விழி எழவில்லை. முதுகுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் தாழிடாத கதவை வைத்துக்கொண்டு இருபத்தேழாவது கேள்வியைப் படித்தாள். நான்கு முறை படித்த பிறகுதான் புரிந்தது. காற்றில் கதவு ஒருமுறை முனகியது. நாற்பத்தேழு வரை வந்துவிட்டாள். இன்னும் பதின்மூன்று.

பலகையைக் கழற்றினால் புதியவர்கள்தான் வர மாட்டார்கள். வருஷா வருஷம் வருகிறவர்களுக்குப் பலகை எதற்கு? கடையநல்லூர் ஹஸீபா நேராகப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“படம் பாக்கியாம்மா? நீ பாரு. ஒரு நிமிசம், மாத்திட்டுப் போயிருதேன். குளிரு கொல்லுது.”

திரையின் ஓரத்தில் வேல்விழியின் முகம் தெரியும் சின்னக் கட்டம். அவள் தோளுக்குப் பின்னால் நனைந்த கறுப்புத் துணி அதில் அசைந்தது. இரண்டு கைகள் மேலே உயர்ந்தன.

வேல்விழி மடிக்கணினியை அறைந்து மூடினாள்.

“என்னம்மா ஆச்சு?” ஹஸீபா துணியைக் கீழே இழுத்துக்கொண்டாள்.

“கேமரா ஓடிட்டு இருந்துச்சு. பரீச்சை எழுதுதேன்.”

“அல்லாவே! எம் மூஞ்சி விழுந்திருக்குமோ?”

“தெரியல. மாத்திக்கிடுங்க.”

வெளியே போய் மாமரத்தடியில் நின்றாள். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. வித்யாலட்சுமி.

“ஏன் மூடுனீங்க?”

“ஒரு அக்கா உடுப்பு மாத்த வந்துட்டாங்க, மேடம். அதான்.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். “பதிவுல கை தூக்குறது வரைக்கும்தான் இருக்கு. அதை அழிக்கச் சொல்லி எழுதறேன். உங்க தேர்வு ரத்துதான், அதை மாத்த முடியாது. ரெண்டு மணிக்கு குத்துக்கல்வலசை மையத்துல நேரடித் தேர்வு இருக்கு. பேர் சேர்க்கறேன். முதல் கேள்வியிலிருந்து எழுதணும். கதவு சாத்திட்டா என்னைக் கூப்பிடாதீங்க.”

மணி ஒன்று ஐந்து. அம்மா துண்டோடு குறுக்கே நின்றாள்.

“இந்தக் கூட்டத்துல எங்க போற? ரூமை யாரு பாக்க? அடுத்த தடவை எழுதேன்.”

“அடுத்த தடவையும் நீ துண்டு எடுக்க வருவ.”

“நான் வாயே தொறக்கலயே!”

“ஆமா. கதவைத்தான் தொறந்த.”

சத்தம் கேட்டுக் காலி மனையிலிருந்து வந்த பாண்டித்துரை பைக்கை உதைத்தான்; அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். சாவி அவன் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. ஐந்தருவி வளைவில் வேன்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஓடை ஓரச் சேற்றில் இறக்கி ஓட்டினான். குற்றாலம் பஸ் நிலையத்தருகே இருபது நிமிடம் ஓர் அடி நகரவில்லை. அவள் இறங்கி, பக்கத்துப் பேருந்தின் பக்கவாட்டைக் கையால் அறைந்து வழிவிடச் சொன்னாள்.

“பைய அடி. உடைச்சுப்புடாத,” என்றான் அண்ணன்.

மையத்தின் மாடிப்படி ஏறியபோது ஒன்று ஐம்பத்தெட்டு. வாசலில் கையில் பூட்டோடு நின்றவரின் சட்டையில் ‘ஜாய்’ என்று பெயர் அட்டை.

“ஆதார். போனை இந்தக் கூடையில போடும்மா.”

கையில் இருந்தபோதே போன் அடித்தது. அம்மா. உள்ளே பெஞ்சு இழுபடும் சத்தம், ஒரு தும்மல், கீழே லேத்.

“எடுக்கதுன்னா வெளிய நின்னு பேசு,” என்றார் ஜாய். “கதவு உனக்காக நிக்காது.”

போன் அடுத்த தடவை அடிப்பதற்குள் என்னென்னவோ ஓடியது. யாராவது வழுக்கி விழுந்திருக்கலாம். ஹஸீபா சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு சோப்பு எங்கே என்று கேட்பதாகவும் இருக்கலாம். வேல்விழி போனை அணைத்துக் கூடையில் போட்டாள். ஈரச் சேறு ஒட்டிய காலோடு உள்ளே போய் ஜன்னலோரம் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் ஜாய் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டார்.