வாங்கிக்கொண்ட புகையிலை

ரோடாவின் கணவன் ஆம்ப்ரோஸுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. அதைவிடப் பெரிய வியாதி, அவனுக்கு இரண்டு அரசாங்கங்கள் இருந்தன.

கனடாவின் வடக்கில், கல்மூக்கு ஏரிக்கரையில் இருந்த அவர்களுடைய க்ரீ பழங்குடி ஜனங்களின் ஊர் மத்திய அரசின் பொறுப்பு. குழாயில் வரும் தண்ணீர், அதைக் காய்ச்சிக் குடி என்று எச்சரிக்கும் பலகை, இரண்டு நர்ஸுகள் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி எல்லாம் அந்த அரசுடையவை. ரத்தம் சுத்தம் செய்யும் மிஷின் மட்டும் மாகாண அரசின் கையில் இருந்தது. மிஷின் கேட்டுப் போனால், "முதலில் நல்ல தண்ணீர் வரட்டும், அப்புறம் மிஷின்" என்றது மாகாணம். தண்ணீர் கேட்டுப் போனால், "முதலில் மிஷின் வருவது உறுதியாகட்டும், அதற்கேற்ற குழாய் போடுகிறோம்" என்றது மத்திய அரசு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் அன்பாகத் தடவிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே ஆம்ப்ரோஸ் தெற்கே வெகுதூரத்தில் இருந்த நகரத்தில், நோயாளிகள் தங்கும் விடுதியில், வாரம் மூன்று முறை மிஷினோடு கட்டிக் கிடந்தான். ரோடாவால் கூடப் போக முடியவில்லை. பூட்டிய வீட்டை ஊர் மன்றம் அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிடும். ஒரு கூரைக்குக் கீழே பன்னிரண்டு பேர் படுக்கும் ஊரில் அதைத் தப்பென்று சொல்லவும் வழியில்லை. பள்ளிக்கூடத்தில் சமைத்துவிட்டு வந்து, சாயங்காலம் அவனோடு போனில் பேசுவாள்.

"என்ன சாப்பிட்டே கிழவா?"

"மீனு. சதுரமா இருந்துச்சு. சதுரமா நீந்துற மீனை நான் எந்த ஏரியிலயும் பார்த்ததில்ல ரோடா."

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு."

"தின்னுட்டேன். இங்க பாரு, இன்னொரு குளிர்காலத்தை இங்க ஓட்ட என்னால ஆகாது. மிஷின் அங்க வரலைன்னா நான் அங்க வந்துடுவேன்."

மிஷினை விட்டு அவன் வருவதென்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். ரோடா போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கோடையில் ஒப்பந்த நாளுக்கு ஆளுநரே வரப்போவதாகச் செய்தி வந்தது. வருஷா வருஷம் அந்த நாளில் சிவப்புக் கோட்டுப் போலீஸ்காரர் ஒருவர் வந்து தலைக்கு ஐந்து டாலர் கொடுப்பார். கனடாவுக்கும் ராஜாவான இங்கிலாந்து ராஜாவின் முன்னோர், இந்த ஜனங்களின் நிலத்தை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்குகளில் தவறாமல் நடப்பது அது ஒன்றுதான். ஆளுநர் என்றால் மாகாணத்தில் ராஜாவின் இடத்தில் இருப்பவர். ரோடாவுக்கு அன்றிலிருந்து ஒரே யோசனை. தன் சித்தப்பா மகன் எல்வினிடம் போய்ச் சொன்னாள். அவன் ஊர் மன்ற உறுப்பினன், ஊரிலேயே பெரிய வாயாடி.

"மத்திய அரசாங்கத்துக்கும் மாகாணத்துக்கும் ஒரே ராஜாதானே? ஒரு கை இன்னொரு கைகிட்ட கேட்காதா? சூரியன் காயுற வரைக்கும், ஆறு ஓடுற வரைக்கும் பாத்துக்கறோம்னு சொன்னது ராஜாவோட ஆளுங்கதானே?"

"ஆறு ஓடிக்கிட்டுதான்க்கா இருக்கு. குடிக்கத்தான் முடியல."

"விளையாடாதே எல்வின்."

"நான் விளையாடல. அந்த ஆளுநரம்மா அமைச்சருங்க எழுதிக் கொடுத்ததைப் படிப்பாங்க, நீட்டின இடத்துல கையெழுத்து போடுவாங்க. சொந்தமா தும்மக்கூட முடியாது."

"அப்புறம் எதுக்குடா ராஜா?"

"காசுல போடறதுக்கு ஒரு தலை வேணும்ல?"

ரோடா அவன் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஒரு பிடி புகையிலையை எடுத்துச் சிவப்புத் துணியில் முடிந்தாள். அந்த ஜனங்களிடையே ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு வழி அதுதான். கேட்பவர் புகையிலையை நீட்டுவார். கேட்டதைச் செய்ய முடியும் என்றால் வாங்கிக்கொள்ளலாம், முடியாதென்றால் தொடக்கூடாது. நம் பக்கம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டவன் போல, வாங்கிய பிறகு பின்வாங்க முடியாது. ரோடாவின் மாமா ஒருவர், செய்ய முடியாத காரியம் என்று கூடப்பிறந்த அண்ணன் நீட்டியதையே வாங்காமல் நின்றவர். அண்ணன் அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

ஆளுநர் நல்ல மனுஷி. மணி கோத்த காலணி போட்டுக்கொண்டு வந்தார், குழந்தைகளோடு குனிந்து பேசினார். ரோடா முன்னால் போய் நின்றாள்.

"என் புருஷனை வீட்டுக்குக் கொண்டுவரணும்மா. தண்ணி வேணும், மிஷின் வேணும். ராஜாகிட்ட கேட்கிறேன்."

புகையிலையை நீட்டினாள். ஆளுநருக்குக் கண் கலங்கியது. இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் போனில் ஆம்ப்ரோஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"வாங்கிட்டாங்களா?"

"ரெண்டு கையாலயும்."

"அப்ப சரி. என் மீன் வலையை எலி கடிச்சிருக்கான்னு பாரு."

எல்வின் மட்டும் தலையைச் சொறிந்தான். "அக்கா, குடுத்தா மரியாதையா வாங்கிக்கணும்னு அவங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க. எதுக்கு வாங்கறதுன்னு சொல்லியிருக்க மாட்டாங்க." அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ரோடா அவனோடு பேசவே இல்லை.

இலையுதிர்காலத்தில் மாகாணச் சட்டசபை கூடியது. ஆளுநர் உரை பள்ளிச் சமையலறை டிவியில் ஓடியது. அந்தம்மா சிம்மாசனத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வந்தார். "கல்மூக்கு ஏரியில் ரத்தச் சுத்திகரிப்பு மையம் அமைக்கவும், அதற்கான தண்ணீரை மத்திய அரசிடம் கேட்டுப் பெறவும் எனது அரசு உறுதிகொண்டுள்ளது." ரோடா கரண்டியோடு கத்தினாள். எல்வின் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். தான் தோற்றுப்போனதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆம்ப்ரோஸ் அன்றைக்கே தன் குளிர்க்கோட்டைப் பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கொடுத்துவிட்டான், வீட்டில் இன்னொன்று இருக்கிறதென்று.

ஆனால் அந்த அரசுக்குச் சபையில் பெரும்பான்மை கிடையாது. உரை மீது வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு ஓட்டில் தோற்றார்கள். உரையில் தோற்றால் அரசே தோற்ற மாதிரி. முதல்வர் போய்ச் சொன்னார், ஆளுநர் சபையைக் கலைத்துக் கையெழுத்துப் போட்டார், தேர்தல் வந்தது.

"அவங்க வாயாலதானே சொன்னாங்க?" என்று ரோடா எல்வினைப் பிடித்துக்கொண்டாள். "எனது அரசுன்னு சொன்னாங்களே?"

"அந்த அரசு போயிடுச்சுக்கா. அடுத்து வர்றதும் எனது அரசுதான்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தச் சாமிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பூசாரி எழுதிக்கொடுத்த வரத்தை வாசிக்கும், பூசாரி மாறினால் அதே குரலில் வேறொன்றை வாசிக்கும். பனி இறுகியபிறகு புதிய அரசின் உரை வந்தது. அதே சிம்மாசனம், அதே குரல், அதே எனது அரசு. வரி குறையும், நெடுஞ்சாலை அகலமாகும். ரோடா கடைசி வார்த்தை வரை நின்றுகொண்டே கேட்டாள். கல்மூக்கு ஏரியின் பெயர் வரவில்லை.

ஆம்ப்ரோஸும் விடுதியில் அதைக் கேட்டிருந்தான். ஏரிகள் உறைந்து, அவற்றின் மேல் வண்டி போகும் பனிப்பாதை திறந்ததும் எல்வின்தான் தன் வண்டியில் போய் அவனைக் கூட்டிவந்தான். திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று வழியெல்லாம் அவனிடம் கெஞ்சிப் பார்த்தானாம்.

வாசலில் ரோடா கேட்டாள், "மிஷின் எங்க கிழவா?"

"அங்கயே விட்டுட்டேன். ரொம்பக் கனம்."

அவளால் சிரிக்க முடியவில்லை. ஏரி மீனைப் பொரித்து வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, சதுரமா இல்ல" என்றான். கால் வீங்கியது, பிறகு மூச்சு முட்டியது, பிறகு பேச்சு குழறியது. நர்ஸ் வந்து வலிக்கு ஊசி போட்டாள். அவளிடம் இருந்தது அதுதான். இரண்டு வாரம் ஆகும் முன்பே, ரோடாவின் கையைப் பிடித்தபடி போய்விட்டான்.

அடுத்த கோடையில் ஒப்பந்த நாள் வந்தது, ஆளுநரும் வந்தார். கூட்டத்தில் ரோடாவை அடையாளம் கண்டு தாமாகவே பக்கத்தில் வந்தார்.

"உங்க புகையிலையை நான் மறக்கல ரோடா. எங்க மாளிகையில கண்ணாடி அலமாரியில வச்சிருக்கேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க எல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க."

ரோடா அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"முடியாதுன்னா வாங்கியிருக்கக் கூடாதும்மா. நீங்க வாங்கினதை அவரு நம்பிட்டாரு."

ஆளுநருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "ரோடா, நான்... அமைச்சர்கள் கவனத்துக்கு அன்னைக்கே கொண்டுபோனேன்."

"தெரியும். அதைத் திருப்பிக் குடுத்துடுங்க. அவரு குழி பக்கத்துல வச்சு மண்ணைப் போட்டு மூடணும்."

ஆளுநர் தம் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். அவன் குனிந்து, மிகப் பணிவாகச் சொன்னான்.

"அம்மா, அது இப்ப ராஜாவோட சொத்து. மாகாணத்து ராஜாவா, மத்திய அரசு ராஜாவான்னு முதல்ல பாக்கணும். அதுக்கப்புறம்தான் யாரைக் கேட்கணும்னு சொல்ல முடியும்."

ரோடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை இன்றைக்குப் போனில் ஆம்ப்ரோஸிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அழுதாள்.