தொண்ணூற்றேழு வருடம் மீதி

மகுடபதி தம் குடும்பப் பெயரில் ஓர் இணையதளத்தை நூறு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டி வாங்கியிருந்தார். மூன்றாவது வருடம் முடிந்ததும், அவரை நேரில் வரச்சொல்லி விற்ற கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

அலுவலகம் ஈரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. படிகள் எழுபத்தெட்டு. அவர் வயதும் அதுதான். மேலே ரேணுகா என்ற பெண் கழுத்துவரை கோப்புகளுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"கம்பெனி போன மாசம் செத்துப்போச்சுங்க. ஒப்பந்தம் மட்டும் உசுரோட இருக்குது. அதைப் பாத்துக்க உங்க வீட்டாளு ஒருத்தர் வேணும். இன்னும் தொண்ணூத்தேழு வருசத்துக்கு."

"நான் இருக்கறனே."

"இருப்பீங்களா?"

"எம்பேரு இருக்கும்."

"பேரு கையெழுத்துப் போடாதுங்க."

அறை பத்தடி நீண்டது. மகுடபதி நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே போனார்.

"வருசா வருசம் கட்டியிருக்கலாமுங்க," என்றாள் அவள். "வேண்டாம்னா நீங்க விட்டுரலாம். மொத்தமாக் கட்டிட்டா அது உங்களை விடாது."

"விட்டா எவனோ எம்பேரை எடுத்து அதுல சீட்டாட்டக் கடை போடுவான். மூணு ஊருக்கு நாயம் சொன்ன குடும்பம் அம்மணி."

"பிள்ளைங்க?"

"இல்லை."

அறை மறுபடி நீண்டது. ரேணுகா நடந்தே வரவேண்டியிருந்தது. வந்தவள் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

உள்ளேதான் அவருடைய இணையதளம் இருந்தது. துணி பீரோ அளவு அறை. சுவரில் ஏழு தலைமுறை ஆண்களின் பெயர்கள். கடைசிப் பெயர் மகுடபதி. அதற்குக் கீழே வெறும் சுண்ணாம்பு. அதைப் பார்த்தபடி ஒருத்தி நின்றிருந்தாள். அவருடைய ஒரே மகள் செல்வநாயகி. பதினொரு வருடத்துக்கு முன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள்.

"மூணு வருசத்துல இங்க வந்தது இவங்க ஒருத்தர்தானுங்க," என்றாள் ரேணுகா. "தினமும் வர்றாங்க. இவங்க பேரை எழுதிக் குடுத்துட்டு நீங்க வீட்டுக்குப் போலாம்."

ஒரு படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். பேனா கடப்பாரையின் கனம் இருந்தது. அவர் அதைத் தூக்கினார். பிறகு கீழே வைத்தார்.

"இவளுக்கு நான் எப்பவோ தலை முழுகியாச்சு."

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பதினொரு வருடத்துப் பழைய தண்ணீர். படிவம் நனைந்தது. ரேணுகா அதை உதறிக் காயவைத்தாள்.

"அப்ப வாரிசு இல்லைன்னு எழுதிக்கறேன். நீங்களே உள்ள இருந்துக்குங்க."

"இருந்துக்கறேன்."

அவர் உள்ளே போய்ச் சுவரோடு சுவராக நின்றார். அளவு சரியாக இருந்தது. கதவு சாத்தப்பட்டது.

செல்வநாயகி நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்கப்பா, நீங்களே வந்துட்டீங்களா?"

அத்தனை கிட்டே அவளைப் பார்த்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"எங்கள் இல்லத்துக்குத் தங்கள் நல்வரவு," என்றார்.

"நான் நாயகிங்கப்பா."

"எங்கள் குடும்பம் ஏழு தலைமுறைப் பாரம்பரியம் கொண்டது."

"எம்பேரை ஒருக்காச் சொல்லுங்க. போதும், போயர்றேன்."

அவர் பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க முயன்றார்.

"மேலும் விவரங்களுக்கு அலுவலகத்தை அணுகவும்."

அவள் முந்தானையால் அவர் நெற்றி ஈரத்தைத் துடைத்தாள். தோளில் துண்டைச் சரிசெய்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் யாரும் வரவில்லை. மகுடபதி நிமிர்ந்தே நின்றார்.