சாவி கட்டிய கை

விசிலம்மாவுக்கு இடது எது, வலது எது என்று தெரியாது. அதை அவளிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள். முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். வண்டி முன்னே போக, இவள் ஜனங்களைப் பார்த்தபடி பின்னே திரும்பி நின்றே காலத்தை ஓட்டினாள். ஜனங்களுக்கு எது இடமோ அது இவளுக்கு வலம். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும் உடம்பு இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை. மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு இவள் போனில் வழி சொல்ல, அவர்கள் பட்டும் நகையுமாகப் போய் இறங்கிய இடம் ஒரு மரம் அறுக்கும் மில்.

அந்த மாப்பிள்ளைதான் இப்போது அவள் நடைப்பயணத்துக்கு ஒரு யோசனை சொன்னார். "அத்தை, உங்க வீட்டுச் சாவியைக் கயித்துல கோத்து வலது கையில கட்டிக்கங்க. போர்டுல வலதுன்னு போட்டிருந்தா சாவி இருக்கிற பக்கம் போங்க. இடதுன்னா சாவி இல்லாத பக்கம். அவ்வளவுதான்."

"நான் என்ன பால்வாடிக் குழந்தையா?" என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டினாள். இடது கையை. மாப்பிள்ளை சிரிக்காமல் அடுத்த கையைப் பிடித்துக் கட்டிவிட்டார்.

அந்தச் சாவிக்காகத்தான் இந்தப் பயணமே. போன வருஷம் விசிலம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து மகளுக்கு ஒரே பாட்டு: "தனியா இருந்தது போதும், எங்க வீட்டு மாடி ரூமுக்கு வந்துடு." மாடி ரூமில் ஒரு வாஷிங் மெஷினும், யாரும் ஓட்டாமல் துணி காயப்போடுகிற உடற்பயிற்சி சைக்கிளும் இருந்தன. மூன்றாவதாகத் தன்னைக் கொண்டுபோய் வைக்கப்போகிறார்கள் என்று விசிலம்மாவுக்குப் பட்டது. மகள் பிசியோதெரபிஸ்ட் வேறு. "ஊருக்கு நீ அம்மாவா இருக்கலாம். எனக்கு நீ ரெண்டு முட்டி. உன் எக்ஸ்ரேயை நான் பார்த்திருக்கேன்" என்பாள்.

"முட்டியை விடு. மலைக்கோயிலுக்கு ஒத்தையா நடந்தே போய்க் காட்டறேன். இருபது நாள்."

"நடுவுல ஒரு சைக்கிள்ல ஏறினாக்கூட நீ தோத்த மாதிரி. இருபதாம் நாள் மதியம் பன்னெண்டுக்குள்ள கடைசி சீல் விழணும். இல்லேன்னா சாவியை என்கிட்ட குடுத்துடணும்."

"ஜெயிச்சா?"

"மாடி ரூம் பேச்சையே எடுக்கமாட்டேன்."

கிளம்பிவிட்டாள். அந்தப் பாதையில் சத்திரத்துக்குச் சத்திரம் ஒரு சின்னப் புத்தகத்தில் சீல் குத்திக் கொடுப்பார்கள். விசிலம்மாவுக்கு அதைப் பார்த்ததும் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. தன் புத்தகத்தோடு நிற்காமல் அடுத்தவர் புத்தகத்தையும் வாங்கிப் புரட்டினாள். ஏழாம் நாள் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் வசமாக மாட்டினார்.

"என்ன சார், ஆத்தங்கரைச் சத்திரத்து சீலைக் காணோம்?"

"அங்க கூட்டமா இருந்துச்சும்மா. நடந்துதான் வந்தேன்."

"நடந்தீங்க சரி. அத்தாட்சி?"

மனிதர் நாலு கிலோமீட்டர் திரும்பிப் போய் சீல் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு இவள் தலை தெரிந்தாலே தானாகப் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

நடக்க நடக்க விசிலம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்த மாதிரி ஒரு சந்தோஷம். வாழ்நாள் முழுக்க ஊரைப் பின்பக்கமாகவே பார்த்தவள். மரம், வீடு, மாடு எல்லாம் அவளுக்குப் போகிற பொருள்களாகவே இருந்தன. இப்போதோ எல்லாம் எதிரே வந்தன! வருகிற மரத்துக்கெல்லாம் "வாங்க, வாங்க" என்றாள். சின்ன விரலில் கொப்புளம் வந்தபோது அதற்கு "சம்பந்தியம்மா" என்று பேர் வைத்தாள். தொட்டால் பொறுக்காது, விட்டாலும் போகாது.

இருபதாம் நாள் விடிந்தது. இன்னும் ஒன்பதே கிலோமீட்டர். குளித்துவிட்டுப் பார்த்தால் மணிக்கட்டில் கயிறு உரசிச் சிவந்திருந்தது. பாவம், இந்தக் கைக்கு ஓய்வு கொடுப்போம் என்று சாவியை அவிழ்த்து அடுத்த கையில் கட்டினாள். கட்டிய கையோடு அதை மறந்தும் போனாள்.

எட்டு மணிக்குப் பாதை இரண்டாகப் பிரிந்தது. 'கோயில் – வலப்பக்கம்' என்றது பலகை. விசிலம்மா சாவியைப் பார்த்தாள். சாவி இருக்கிற பக்கமே ராணி மாதிரி திரும்பினாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று, முன்னால் ஆளில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று, பின்னாலும் ஆளில்லை. "அத்தனை பேரையும் முந்திட்டேன்!" என்று தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள். பத்தே முக்காலுக்கு மலையடிவாரம் வந்தது. அங்கே கோயில் அலங்கார வளைவும் இல்லை, கடையும் இல்லை. காய்கறி மூட்டை ஏற்றிய ஒரு வேன் மட்டும் நின்றது.

"ஏம்ப்பா, கோயில் வாசல் எங்க?"

வேன்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வாசல் மலைக்கு அந்தப் பக்கம்மா. இது சமையல்கட்டுக்குச் சாமான் போற வழி. நீங்க வந்த வழியிலேயே திரும்பிப் போய், பலகைகிட்ட அடுத்த பக்கம் திரும்பணும்."

விசிலம்மா கையைப் பார்த்தாள். சிவந்த தடம் ஒரு கையில். சாவி இன்னொரு கையில். "அடிப் பாவி" என்றாள் தன்னையே. பலகை வரைக்கும் திரும்பிப் போகவே ரெண்டே முக்கால் மணி நேரம். கண் முன்னே மாடி ரூம் வாஷிங் மெஷின் சுற்றியது.

"ஏறிக்கங்கம்மா. ரோடு சுத்திக்கிட்டுப் போகும், ஆனா பத்தே நிமிஷம். யார் பார்க்கப்போறா?"

"நான் பார்ப்பேன்ல? டிக்கெட் இல்லாம ஏறினவங்களை நடுரோட்டுல இறக்கிவிட்டவ நான். என்னை இறக்கிவிட யாருக்கு இங்க தைரியம் இருக்கு? படி ஏதாவது இருக்கா?"

"இருக்கு. சுமை தூக்கறவங்க ஏறுறது. எண்ணூத்துச் சொச்சம், சுவர் மாதிரி நிக்கும்."

விசிலம்மா இடுப்பிலிருந்து தன் கண்டக்டர் காலத்து விசிலை எடுத்தாள். இரண்டு ஊது ஊதினாள். வண்டி கிளம்பியாயிற்று.

முதல் நூறு படி சிரிப்பிலேயே போனது. அதற்கப்புறம் முட்டி இரண்டும் இறங்கவேண்டும் என்று மணியடித்தன. "இங்க ஸ்டாப்பிங் கிடையாது" என்றாள். மூச்சு வாங்கிய இடத்துக்கெல்லாம், அங்கே கண்ணில் பட்டதையே பேராக வைத்துக் கூவினாள். "உடைஞ்ச பக்கெட்! உடைஞ்ச பக்கெட்லாம் இறங்கு!" கொஞ்சம் தள்ளி, "ஒத்தைச் செருப்பு! அடுத்தது காக்கா உட்கார்ந்த பாறை! உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே!" காக்கா பறந்துவிட்டது. எழுநூறாவது படியில் சம்பந்தியம்மா உடைந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியா சிரிப்பா என்று விசிலம்மாவுக்கே பிடிபடவில்லை.

மேலே சமையல்கட்டின் பின்கதவு. வேன்காரர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். "அம்மா! வந்துட்டீங்களா!" காய் நறுக்குகிறவர்களைத் தாண்டி, பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் தத்தி, ஒரு கதவைத் தள்ளினால் சீல் குமாஸ்தாவின் முதுகு தெரிந்தது. அவர் முன்வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"சார், சீல்."

குமாஸ்தா துள்ளிவிட்டார். "எல்லாரும் முன்னாடி வருவாங்க. நீங்க எங்கேர்ந்து முளைச்சீங்க? வேன்ல வந்தீங்களா?"

"கெஞ்சிப் பார்த்துட்டேன் சார்" என்றார் வேன்காரர் கதவோரம் நின்று. "ஏறமாட்டேன்னு படியில வந்துட்டாங்க. அந்தப் படியில நானே ஏறமாட்டேன்."

குமாஸ்தா அவள் காலைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், குத்தினார். பக்கத்தில் நேரம் எழுதினார்: பதினொன்று ஐம்பத்திரண்டு.

முன்வாசலில் மகள் படிகளின் விளிம்பில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த முகமாக இல்லை அது. மூக்கு சிவந்திருந்தது. "பன்னெண்டு அடிச்சிடுச்சு. எங்கயாவது விழுந்து கிடக்குதோ என்னவோ. போன் போகலை. நான்தான் வீம்பு பண்ணி அனுப்பினேன்" என்று புருஷனிடம் புலம்பினாள். அப்போது வந்த ஹெட்மாஸ்டரை மறித்து, "சார், விசில் வச்சிருக்கிற அம்மாவைப் பார்த்தீங்களா?" என்றாள். அவர் பழக்கதோஷத்தில் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டது.

மகள் திரும்பினாள். கோயிலுக்குள்ளிருந்து அம்மா வெளியே வந்துகொண்டிருந்தாள், தலையில் ஒரு கறிவேப்பிலையோடு.

"நீ எப்படி உள்ள...?"

"சீலைப் பாரு. நேரத்தைப் பாரு. அப்புறம் அழு."

மகள் எதையும் பார்க்கவில்லை. அப்படியே குனிந்து இரண்டு முட்டிகளையும் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தபோது சாவி இருந்த கை கண்ணில் பட்டது. புரிந்துவிட்டது. "ஐயோ அம்மா! கை மாத்திக் கட்டிட்டியா?" சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் படியிலேயே உட்கார்ந்தாள். விசிலம்மாவும் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், அது வேறு விஷயம்.

காரில் விசிலம்மாவுக்கு ஜன்னலோரம். மாப்பிள்ளை கார் சாவியைத் திருகிக்கொண்டே தயங்கினார். "யார் வீட்டுக்குப் போகணும்?"

"அம்மா வீட்டுக்கு" என்றாள் மகள். "பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒரு கம்பி மட்டும் மாட்டிட்டு வந்துடலாம். அதுக்குமேல நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"எந்தப் பக்கம் அத்தை?"

"இடது பக்கம்" என்றபடி விசிலம்மா கையை நீட்டினாள், வலது பக்கம்.

"வாயைக் கேட்கவா, கையைப் பார்க்கவா?"

"ரெண்டும் வேண்டாம்" என்றாள் மகள். "என்னைக் கேளுங்க."

விசிலம்மா இரண்டு விசில் ஊதினாள்.